கையெழுத்து மட்டும் என்னுடையது

2009 நவம்பரில், சுவிஸின் ஓல்டன் நகரில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியேறினோம். அந்த மாதம், பள்ளிவாசல்களுக்குக் கோபுரம் கட்டலாமா கூடாதா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு. ஸ்டேஷன் பக்கம் போனால் கறுப்புத் துணியால் முகத்தை மூடிய ஒரு பெண்ணின் படம் போட்ட சுவரொட்டி. எங்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. வாக்கு இல்லாதவர்களுக்கு இதெல்லாம் அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி. நின்று பார்த்துவிட்டு, சட்டிபானைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினோம். நான் சொல்ல வந்த சம்பவம் அதே கட்டடத்தில், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நடந்தது. அதற்குள் எங்களுக்கும் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. வாக்கும் வந்துவிட்டது. அதோடு சேர்ந்து எனக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பும் வந்திருந்தது.

சுவிஸ் கட்டடங்களில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலவறையில் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெஷின், அதற்கு ஓர் அட்டவணை. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி வரை என்று எழுதிச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இந்த நாட்டில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள் கூட அந்த அட்டவணைக்குப் பயப்படுவார்கள். எனக்குப் புதன்கிழமை பகல் ஒரு மணி வரை. ஒரு மணிக்கு மெஷினைத் துடைத்து, பஞ்சுத்தூசி சேரும் வலையைத் துப்புரவாக்கி, அறைச் சாவியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். புதன் எனக்கு விடுமுறை.

2018 இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை. ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கண் மட்டும் தெரிகிறது. கூடை நழுவி, தோய்த்த உடுப்பெல்லாம் நிலத்தில் கொட்டுண்டது. அந்த உருவம் குனிந்து என் கணவரின் பெனியன்களைப் பொறுக்கத் தொடங்கியது.

“பயந்திட்டீங்களோ? மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

சொன்னது சுத்தமான சுவிஸ் டொச்சில், அதாவது இந்த நாட்டு ஜெர்மன் மொழியில், அதுவும் மலைப்பக்கத்துக் கிராமத்தார் இழுக்கிற இழுவையோடு. எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்செல்லாம் டொச்சில்தான். அதை என் வாயால் சொன்னால் எங்கள் தமிழில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் கதவைச் சாத்திவிட்டு முகத்திரையைத் தூக்கினாள். உள்ளே இருந்தது வட்ட முகம், சிவந்த கன்னம், மூக்கின் மேல் பழுப்புப் புள்ளிகள். பால் பெட்டியில் பசுவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாளே, அந்த முகம். எங்கேயோ அரபு நாட்டில் இருந்து வந்தவள் என்று நினைத்திருந்த நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த குடும்பம், எனக்கு அடுத்ததாக மெஷின் அவர்களுக்கு. பிறந்தது எமன்தால் என்ற மலைப்பகுதியில் ஒரு பண்ணையில். ஏழு வயதில் பால் கறக்கப் பழகியவள். இருபத்தைந்து வயதில் இஸ்லாத்துக்கு மாறி, அதற்குப் பிறகுதான் பொஸ்னியாவில் இருந்து வந்த ஒரு பஸ் சாரதியைக் கல்யாணம் கட்டினாளாம். எங்கள் இரண்டு பேரில் வெளிநாட்டுக்காரி நான்தான்.

அதன் பிறகு புதன்கிழமை என்றால் எனக்கு ஒரு தனிச் சந்தோசம். ஒரு மணிக்குக் கைமாற வேண்டிய சாவி மூன்று மணி வரைக்கும் மெஷின் மேலேயே கிடக்கும். அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல், தரை மட்டத்தில். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் சப்பாத்துத்தான் தெரியும். சவர்க்கார வாசனை, காயவைக்கும் மெஷினின் சூடு, கொடியில் இரண்டு வீட்டு உடுப்பும் கலந்து தொங்கும். நான் மீன் ரோல்ஸ் கொண்டுபோவேன், அவள் குடுவையில் தேநீர் கொண்டுவருவாள். பண்ணையில் இருந்த காலத்தில் ஊர்ப் பாட்டுக் குழுவில் இருந்தாளாம். ஒருநாள் மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த நேரம், மேலே யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், மலைக்காரர் பாடுகிற மாதிரித் தொண்டையை உடைத்து உடைத்துப் பாடிக் காட்டினாள். கறுப்பு அங்கியோடு நின்று அவள் பாடிய அழகைப் பார்த்து, நான் கூடையின் மேல் விழுந்து விழுந்து சிரித்தேன். மெஷின் நின்றுவிட்டது, அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் மாடிக் கிழவர் படியில் நின்று யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இப்போது அதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எனக்கு வாய் சும்மா இராது. பழகி இரண்டு மாதத்துக்குள் கேட்டுவிட்டேன்.

“உன்ர மனுசன் சொல்லித்தானே இதைப் போடுறாய்? உண்மையைச் சொல்லு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

அவள் தேநீரைத் துப்பாத குறையாகச் சிரித்தாள். அவளுடைய கணவர், தலையை மட்டும் மூடினால் போதாதா என்று கெஞ்சாத நாள் இல்லையாம். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் இவள் ஏறினால் ஆட்கள் அவரையும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்களாம். “அவருக்காக எல்லாம் செய்வன். இது எனக்கும் கடவுளுக்கும் இடையில இருக்கிற விசயம்” என்றாள். நான் நம்பவில்லை. பாவம், சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து என்னவரிடமும் அப்படித்தான் சொன்னேன். இந்தக் காலத்திலும் புருஷன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற பெண்கள் இருக்கிறார்களே என்று நாங்கள் இரண்டு பேரும் கவலைப்பட்டோம்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த முகத்திரை பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. மனிதர் என்றால் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறவள் நான். முதியோர் இல்லத்தில் பேச்சு நின்றுபோனவர்களிடம் முகத்தைப் பார்த்துத்தானே பசிக்கிறதா, நோகிறதா என்று கண்டுபிடிக்கிறோம். அதை அவளிடமே சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். அவளும் விடமாட்டாள். ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். அவளுடைய தாய் இந்தத் துணியோடு வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பண்ணைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. தாய் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் பேசுவார், பசுக்களைப் பற்றி மட்டும்.

2020இல் கொரோனா வந்தது. ஊரே முகத்தை மூடிக்கொண்டு ரயில் ஏறியது. “பார்த்தியோ, முழு நாடும் என்ர பக்கம் வந்திட்டுது” என்று அவள் கேலி செய்தாள். அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் முதியோர் இல்லத்துக்குள் நோய் புகுந்தது. நான் கையைப் பிடித்து உணவு ஊட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் எனக்கும் வந்தது, மூன்று நாளில் என்னவருக்கும். பத்து நாள் கதவுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. எனக்குக் காய்ச்சல், வியர்வை, மாற்ற உடுப்பில்லை. அவள் கதவுக்கு வெளியே நின்று சத்தம் போட்டாள், அழுக்கு உடுப்பை எல்லாம் பையில் கட்டி வெளியில் வை என்று. நான் வெட்கப்பட்டேன். உள்ளாடை வரைக்கும் இன்னொருத்தி தோய்ப்பதா? அவள் விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை பை போனது, மடித்த உடுப்பாகத் திரும்பி வந்தது. என்னவரின் வேலைச் சட்டைகளை இஸ்திரிக்கை கூடப் போட்டு அனுப்பியிருந்தாள். அவர் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறவர். அந்தச் சட்டைகளுக்கு அதுவரை இஸ்திரிக்கையே தெரியாது. “நல்ல மனுசி” என்றார் அவர், இருமலுக்கு நடுவில்.

2021 பிறந்ததும் அந்த வாக்கெடுப்பு வந்தது. பொது இடத்தில் முகத்தை மூடக் கூடாது என்று சட்டம் கொண்டுவரலாமா? திரும்பவும் சுவரொட்டி, திரும்பவும் கறுப்புத் துணி. இந்த முறை அந்தப் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை மட்டும், கொடியில் காய்ந்ததை எடுத்துக்கொண்டே சொன்னாள், இது நிறைவேறினால் இந்த ஊரில் தன்னால் இருக்க முடியாது என்று.

இங்கே வாக்குப் போடுவது பெரும்பாலும் தபாலில்தான். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பெரிய உறை வரும். உள்ளே கேள்விகளை விளக்கும் ஒரு சிவப்புப் புத்தகம், வாக்குச் சீட்டு, ஓர் அட்டை. சீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே வெறும் பெட்டி. அதில் ‘யா’ அல்லது ‘நைன்’, அதாவது ஆம் அல்லது இல்லை என்று கைப்பட எழுத வேண்டும். அட்டையில் கையெழுத்து வைத்து எல்லாவற்றையும் திரும்ப உறைக்குள் போட்டு அனுப்பினால் முடிந்தது.

எங்கள் வீட்டில் அது எப்படி நடக்கும் என்றால், ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என்னவர் மேசை விரிப்பை எடுத்துவிடுவார். கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். அவருக்கு வாக்குச் சீட்டு என்றால் அவ்வளவு மரியாதை. குடியுரிமைக்கு நேர்முகம் போன நாளில் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே நிமிர்ந்து உட்காருவார். தன்னுடையதையும் எழுதி, என்னுடையதையும் எழுதி முடித்து, “இஞ்சாரும், கையெழுத்தை வையும்” என்று கூப்பிடுவார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. வாக்கு வந்த நாளில் இருந்து அப்படித்தான். இது சட்டப்படி பிழை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எனக்கு அது ஒரு பெரிய விசயமாகப் பட்டிருக்காது. வாகன வரிக் கடிதம், வீட்டுக் காப்புறுதிக் கடிதம் எல்லாவற்றையும் அவர்தானே பார்க்கிறார்.

அந்த முறை மூன்று கேள்விகள். ஒன்று இந்தோனேசியாவோடு வணிக ஒப்பந்தம், ஒன்று இணையத்தில் பாவிக்கிற அடையாள அட்டை, மற்றது இந்த முகத்திரை. நான் அடுப்படியில் இரவுச் சாப்பாட்டுக்கு மோர் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே சத்தமாகச் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, அந்த முகம் மூடுற விசயத்துக்கு எனக்கு இல்லை எண்டு எழுதுங்கோ. மற்றதெல்லாம் உங்கட விருப்பம்.”

“ஓம், ஓம். நீர் வந்து கையெழுத்தை வையும்.”

வந்தேன், வைத்தேன். எண்ணெய்க் கையால் அட்டையில் ஒரு பொட்டுக் கறை கூடப் பட்டது.

அடுத்த புதன்கிழமை நான் நிலவறைக்குப் போகவில்லை, பறந்தேன். அவளைக் கண்டதும் வாய் நிறையச் சொன்னேன், உனக்காக ‘நைன்’ எழுதி அனுப்பிவிட்டேன் என்று.

அவள் கையில் இருந்த துணியை வைத்தாள்.

“எழுதிட்டியோ? நீயோ?”

“ஓம். என்ர கையால.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எழுதச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. அவள் அழுதாள். அவளுடைய தாய் ‘யா’ எழுதியதைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாராம், அண்ணனும் அப்படியேயாம். கணவருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. “வோட்டு இருக்கிற ஆக்களில எனக்குத் தெரிஞ்சு இல்லை எண்டு எழுதினது நீ ஒருத்திதான்” என்றாள். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதை எல்லாம் மறந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் கன்னம் என் கழுத்தில் ஈரமாக இருந்தது. நான் ஏதோ பெரிய தியாகம் செய்தவள் மாதிரி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

மார்ச் முதல் ஞாயிறு, பின்னேரம் தொலைக்காட்சியில் முடிவு வந்தது. சொற்ப வித்தியாசத்தில் ‘யா’ வென்றது. நான் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னவர் தோடம்பழம் உரித்துக்கொண்டே சொன்னார்.

“பார்த்தீரோ, நாங்கள் போட்ட பக்கம் வெண்டிட்டுது.”

“நாங்களோ? நான் இல்லை எண்டெல்லோ எழுதச் சொன்னனான்?”

அவர் முகத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம். பிறகு, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில், “ஒரு வீட்டில ஒண்டு ஓம், ஒண்டு இல்லை எண்டு போட்டால் ரெண்டும் வெட்டுப்பட்டுப் போயிடுமப்பா. பிறகு வோட்டுப் போட்டும் போடாத மாதிரித்தானே? வீணெல்லோ?” என்றார்.

அவள் எங்களுக்கு உடுப்புத் தோய்த்தவள், உங்கள் சட்டைக்கு இஸ்திரிக்கை போட்டவள் என்று கத்தினேன். அவர் தோடம்பழத்தைக் கீழே வைத்தார்.

“அவ நல்ல மனுசிதான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா வேலையில எல்லாரும் ஓம் எண்டுதான் போடுகினம். எங்களை நம்பித்தானே இவங்கள் பாஸ்போர்ட் தந்தவங்கள்? நாங்கள் எதிர்ப்பக்கம் நிக்கலாமோ?”

கெட்ட மனிதர் இல்லை அவர். அகதியாக வந்து, இருபது வருடம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்து, இந்த நாட்டுக்காரன் என்று ஒரு கடதாசி வாங்கியவர். அந்தக் கடதாசியைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று அவர் உள்ளுக்குள் இன்னும் பயந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்காக என் கோபம் குறையவில்லை. நான்கு நாள் அவரோடு பேசவில்லை, சோறும் போடவில்லை. ஐந்தாம் நாள் பாணும் வெண்ணெயும் தின்றுகொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, கோபம் மெல்ல என் பக்கம் திரும்பியது. அவர் எழுதினார் என்றால், நான் பாராமல் கையெழுத்து வைத்ததால்தானே எழுதினார்? மூன்று வருடமாக ஒரு தரமாவது அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்தேனா? புருஷன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவள் என்று நான் யாரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேனோ, அவள் தன் புருஷன் கெஞ்சியும் தான் நினைத்ததைச் செய்கிறவள். தலையாட்டியது நான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

எப்படி அவள் முகத்தில் விழிப்பது? வேலையில் என் விடுமுறை நாளை மாற்றிக்கொண்டேன். இரண்டு புதன்கிழமை நிலவறைக்குப் போகவில்லை. மேல் மாடிக்காரியிடம் கெஞ்சிச் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் வாங்கித் தோய்த்தேன். அவள் எனக்குச் சுகமில்லை என்று நினைத்து, தானே செய்த ஒரு கேக்கைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டுப் போயிருந்தாள். கூடவே ஒரு துண்டு. ‘எங்கே போனாய்? தேநீர் ஆறுகிறது.’ அந்தக் கேக்கை என்னால் விழுங்க முடியவில்லை. என்னவரும் தொடவில்லை.

மூன்றாவது புதன் அவளே வந்து மணி அடித்தாள். வீடு மாறுகிறார்களாம். ஷாஃப்ஹவுசனுக்கு அந்தப் பக்கம், எல்லை தாண்டி, ஜெர்மனியில் ஒரு சிற்றூர். கணவருக்கு ஷாஃப்ஹவுசனிலேயே பஸ் வேலை கிடைத்துவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறதே என்று கேட்டேன். சட்டம் இல்லை, ஆட்கள்தான் என்றாள். வாக்கெடுப்புக்கு மறுநாள் ரயிலில் ஒரு அம்மா, முகக்கவசத்துக்கு மேலால் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இனி உன்ர ஆட்டம் முடிஞ்சுது” என்றாராம். சுவிஸில் பிறந்து, சுவிஸ் பசுவில் பால் கறந்தவள், என்னைப் போன்றவர்களும் வாக்குப் போடுகிற நாட்டை விட்டுப் போகிறாள். என்னால் நின்று கேட்க முடியவில்லை. அடுப்பில் சோறு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் கடைசிப் புதன்தான் அவளுக்கு எங்கள் கட்டடத்தில் கடைசித் தோய்ப்பு. போனேன். போகாமல் இருந்தால் ஆயுள் முழுக்க நித்திரை வராது என்று தெரிந்தது. அவள் முகத்திரையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், என் கையில் படுக்கை விரிப்பின் இரண்டு நுனியைத் தந்தாள். பெரிய விரிப்புகளை நாங்கள் எப்போதும் இரண்டு பேராகப் பிடித்துத்தான் மடிப்போம். இருவரும் பின்னால் போய் இழுத்துப் பிடித்து, பாதியாக மடித்து, முன்னால் வந்து நுனியோடு நுனி சேர்ப்போம். இரண்டாவது மடிப்பில் அவள் என் முன்னால் வந்தபோது சொல்லிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. மோர் மிளகாய் பொரித்தது, பாராமல் கையெழுத்து வைத்தது, என் கையால் எழுதினேன் என்று பொய் சொன்னது, என் பெயரில் ‘யா’ போனது. என் டொச் தடுமாறியது, வினைச்சொல் எல்லாம் இடம் மாறி விழுந்தன. ஆனாலும் அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அல்லது பரவாயில்லை என்று என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. விரிப்பை என் கையில் இருந்து மெல்ல வாங்கி, மிச்ச மடிப்பைத் தானே மடித்தாள். கூடையில் வைத்தாள். முகம் முழுக்க எனக்குத் தெரிந்தது. அதில் இருந்ததைப் பார்க்காமல் இருப்பதற்கு அன்று ஒரு துணி இருந்திருக்கலாம் என்று நான் விரும்பினேன்.

“நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் சந்தோசமாய்ப் போயிருப்பன்” என்றாள்.

கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு, “அப்ப நீ இந்த நாட்டில இன்னும் ஒருக்காவும் வோட்டுப் போடேல்லை” என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரிச் சொன்னாள். பிறகு வழக்கம் போல மெஷினைத் துடைத்தாள், வலையில் இருந்த பஞ்சை எடுத்தாள், சாவியை என் கையில் வைத்தாள். அவள் விரல்கள் சூடாக இருந்தன. முகத்திரையை இறக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர்களுடைய சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியது. நான் பல்கனியில் நின்றேன். என்னவரும் வந்து பக்கத்தில் நின்றார். அவள் வண்டியில் ஏறுமுன் நிமிர்ந்து பார்த்தாள். கையை ஒருமுறை உயர்த்தினாள். அந்தத் தூரத்தில் கண்ணும் தெரியவில்லை. துணிக்குப் பின்னால் சிரித்தாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. புது விலாசத்தை அவள் தரவில்லை, கேட்கிற தைரியம் எனக்கும் வரவில்லை.

மே மாதம் அடுத்த உறை வந்தது. ஐந்து கேள்விகள். பூச்சிமருந்து, குடிதண்ணீர், இன்னும் என்னென்னவோ. ஞாயிறு சாப்பாடு முடிந்து என்னவர் மேசை விரிப்பை எடுத்தார். என் உறையை நான் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். சிவப்புப் புத்தகத்தை அகராதி வைத்து வாசிக்க எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. பாதி விளங்கியது. எழுதிப் பழக்கமில்லாததால் ‘நைன்’ கோழி கிண்டிய மாதிரி வந்தது. அவர் கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தண்ணி விசயத்துக்கு என்ன போட்டனீர்?”

“சொல்லமாட்டன்.”

“வெட்டுப்பட்டுப் போயிடுமெல்லோ?”

“போகட்டும்.”

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என் உறையைத் தொட்டதில்லை. மாநகர சபைப் பெட்டியில் அதை நானேதான் கொண்டுபோய்ப் போடுகிறேன்.

2025 தொடக்கத்தில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவளுடைய தாய்க்கு இப்போது வயது போயிருக்கும், அவரைப் பார்க்கப் பண்ணைப் பக்கம் இனி வருவாளோ மாட்டாளோ தெரியாது. முகத்திரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று முன்னமே சொன்னேன். ஒருவேளை நானே உட்கார்ந்து யோசித்து என் கையால் ‘யா’ எழுதியிருந்தால் கூட, அதை அவளிடம் சொல்லியிருப்பேன், இருவரும் அந்த நிலவறையில் சண்டை பிடித்திருப்போம், பிறகு தேநீர் குடித்திருப்போம். இன்றைக்கும் சீட்டில் ஒரு சொல்லை எழுதுமுன், அது யாரைப் பற்றியதோ அந்த ஆளின் முன்னால் போய் நின்று இதைத்தான் எழுதினேன் என்று என்னால் சொல்ல முடியுமா என்று யோசிக்கிறேன்; முடியும் என்று மனம் சொல்லும் வரைக்கும் பேனாவைத் திறப்பதில்லை.